மைனா சொன்ன சேதி

வரப்போரம் ஒரு சுண்டெலி இருந்தது. எறும்புகளிடம் கம்பு வாங்கிக் குருவிகளுக்கு விற்றுப் பிழைத்துவந்தது.

ஒருநாள் மைனா வந்து, "கம்பை மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் பூஞ்சை பிடிக்காது. எறும்புகளிடமும் சொல்லிவிடு" என்றது.

சுண்டெலி தன் கம்பைக் காயவைத்தது. 'நல்ல கம்பு நம்மிடம் மட்டும் இருந்தால்தானே குருவிகள் நம்மைத் தேடி வரும்?' என்று எண்ணி, எறும்புகளிடம் மூச்சுவிடவில்லை.

அடைமழை பிடித்தது. மழை விட்டதும் சுண்டெலி புற்றுக்குப் போனது. எறும்புகள் கறுத்துப்போன கம்பை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அதைத் தின்று செத்த எறும்புக் குஞ்சுகளும் பக்கத்தில் கிடந்தன.

"ஏன் இப்படி ஆச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா அண்ணே?" என்று கேட்டது ஒரு தாயெறும்பு.

"தெரியாதும்மா" என்றது சுண்டெலி.

"தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாமலா இருந்திருப்பீங்க!" என்று சொல்லிவிட்டு, அது அடுத்த குஞ்சைத் தூக்கிவர உள்ளே போனது.