சுண்டைக்காய்க்கு ஒரு வண்டி

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா மேடம்?"

கம்பெனிக்காரர் ஃபைலை மேஜைமேல் போட்ட வேகத்தில் அதிகாரி அம்மாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

கம்பெனி என்றால் மாடியில் ஓர் அறை. புரோகிராம் எழுதுவது மனைவி, பேரம் பேசுவது இவர். வந்த வேலையும் அந்த அளவுதான். அரசு நிறுவனம் ஒன்றின் ஒரு கிடங்கு, ஒரு கேட். உள்ளே போகும் லாரியையும் வெளியே வரும் லாரியையும் பதிவு செய்ய ஒரு சின்ன சாஃப்ட்வேர். மனைவி ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அந்த அதிகாரி அம்மா ரூபத்தில் ஏழரை. இன்னின்னது தேவை என்று எழுது, டிசைன் வரை, டெஸ்ட் செய்ததற்கு ஆதாரம் கொடு, ஒரு வரியை மாற்றினாலும் யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று எழுது. வாராவாரம் மீட்டிங் வேறு. நூறு பேர் கம்பெனி செய்கிற சடங்கையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் மாதக்கணக்கில் செய்தார்கள்.

"போன வாரம் எங்களுக்குள்ள சண்டை மேடம். பேச்சுவார்த்தையே இல்ல. அன்னிக்கும் எதிரெதிரே உக்காந்து மீட்டிங் நடத்தினோம்!"

அந்தம்மா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பக்கம் புரட்டினார்.

"இந்த டெஸ்டுக்குக் கீழ உங்க கையெழுத்து இல்லியே?"

இவருக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் மனைவி சொன்னது காதிலேயே நின்றது. "இன்னிக்கும் அந்தம்மா இழுத்தடிச்சா, நான் பழைய வேலைக்கே போறேங்க. இதை இழுத்து மூடிடலாம்."

"நேராவே கேக்கறேன். எதுக்கு இந்த இழுபறி? உங்களுக்கு எவ்வளவு வெட்டணும்? சொல்லித் தொலைங்க!"

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அந்தம்மாவின் முகம் கறுத்தது.

"இங்க ஒரு கையெழுத்து. வேற எதுவும் எனக்கு வேணாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கிறுக்கினார். அந்தம்மாவும் கையெழுத்திட்டு, சீல் குத்தி, வேலை முடிந்ததற்கான சான்றிதழை நீட்டினார். கூடவே கம்ப்யூட்டர் திரையை இவர் பக்கம் திருப்பினார்.

"இப்பதான் வெளியான டெண்டர். படிங்க."

படித்தார். நிறுவனத்தின் எல்லாக் கிடங்குக்கும், எல்லா கேட்டுக்கும் இதே மாதிரி சாஃப்ட்வேர். கீழே நிபந்தனை: டிசைன் முதல் டெஸ்ட் ஆதாரம் வரை முழு நடைமுறையோடு ஒரு வேலையாவது முடித்தவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம்.

"அந்த நிபந்தனைக்குப் பயந்தே சின்னக் கம்பெனி ஒண்ணுகூட உள்ள வர்றதில்ல. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் பாதியிலயே ஓடிட்டாங்க. நீங்க திட்டிக்கிட்டே முடிச்சிட்டீங்க. இனி விலை போடறதும் ஜெயிக்கறதும் உங்க சாமர்த்தியம்."

இவர் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மேடம்... நான் பேசினது... முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"டெண்டர் வர்றதுக்கு முன்னாடி சொன்னா, அதுக்குப் பேர்தான் சார் லஞ்சம் இல்லாத திருட்டு" என்று அந்தம்மா அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார். "சுண்டைக்காய்க்கு யாராவது இவ்வளவு பெரிய வண்டி கட்டச் சொல்வாங்களா? பின்னாடி பூசணிக்காய் வருதுன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் உரிமை இல்ல."