நாற்பது நொடி

கணினி எங்கோ போயிருக்கிறது, அது திரும்பி வரும்வரை யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது என்று வரைபடம் போடுகிறவள் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது. மவுஸின் மேலிருந்த கை தானாக மடிக்கு வந்துவிடுகிறது. காலை வெயில் மேசை விளிம்பில் கிடக்கும் பென்சில் சீவலை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறது. எதிர்மாடியில் ஒருத்தி போர்வையை உதறுகிறாள். சத்தம் சற்றுப் பிந்தி வந்து சேர்கிறது. எழுந்தது முதல் "அம்மா", அலுவலகம் வந்தது முதல் "முடிஞ்சுதா" என்ற குரல்களையே கேட்டுப் பழகியவளுக்கு, ஒவ்வொரு கோப்பும் திறக்க எடுத்துக்கொள்ளும் இந்த நாற்பது நொடிதான் நாளில் சொந்தம். மாதம் ஒருமுறை எல்லாக் கணினிகளையும் பார்க்க வரும் பழுதுக்காரி, பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "ஏன் இவ்வளவு லேட்டாகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்க்கா! சிவப்பா பெருக்கல் குறி போட்டு மூணு டிரைவ் இருக்கு பாருங்க. மூடிப்போன கிளை ஆபீசோடது. நீங்க எந்த ஃபைலைத் தொட்டாலும் இது முதல்ல அங்க போய், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்குது." "யாரும் திறக்கலேன்னா?" "அலுத்துப்போய்த் திரும்பி வரும். மறுபடி போகும். ரோஷமே கிடையாது, எங்க வீட்டுக்காரர் மாதிரி." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பழுதுக்காரியின் விரல் மவுஸின் மேல் தயாராக இருக்கிறது. "மூணையும் எடுத்துடறேன்க்கா. அப்புறம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஃபைல் வந்து நிக்கும். எடுத்துடட்டுமா?" அவள் சன்னலிலிருந்து பார்வையைத் திருப்பாமலே, "வேண்டாம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாள்.