எச்சில் பஞ்சு

பழைய சுவரோவியங்களைக் காப்பாற்றும் முறைகளைக் காசு வாங்காமல் தமிழாக்கிக் கொடுப்பவர்களில் மருந்துக்கடைக்காரியும் ஒருத்தி. எதையும் கையால் செய்து பார்க்காமல் எழுத அவளுக்கு மனசு வராது. அது அவள் கிறுக்கு. அன்று வந்த பாடம், குச்சியில் சுற்றிய பஞ்சை எச்சிலில் நனைத்து, தேய்க்காமல் உருட்டி அழுக்கெடுப்பது. சமையலறைக் கதவோரம் புகை படிந்திருந்த சுவரில் உருட்டிப் பார்த்தாள்.

புகை போயிற்று. வெள்ளையும் போயிற்று. அடியில் நீலம் தெரிந்தது.

"என்னங்க, இங்க முதல்ல நீலமா அடிச்சீங்க?"

பெயிண்டரான கணவன் எட்டிப் பார்த்தான். "விளையாடுறியா? காலி மனையில நாமதானே கட்டினோம். வெள்ளையத் தவிர வேற டப்பாவே நான் தொடலையே."

இன்னும் கொஞ்சம் உருட்டினாள். நீலத்தில் ஐந்து சின்ன விரல்கள் தெரிந்தன. அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

"போதும், விடு," என்றான். கையோடு வெள்ளையடித்து மூடிவிட்டு வேலைக்குப் போனான்.

அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். மூடிய இடம் மூடியபடியே இருந்தது. அதற்குக் கீழே, அவள் முழங்கால் உயரத்தில், இன்னொரு நீலக் கை வெளியே வந்திருந்தது. ஓரம் பிசகாமல், யாரோ பொறுமையாக உருட்டி எடுத்திருந்தார்கள். தரையில் பஞ்சுக் குச்சி கிடந்தது.

குனிந்து எடுத்தாள். அவள் வாய் உலர்ந்து போயிருந்தது. பஞ்சு மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.