எச்சில் குப்பி

"எச்சில்ல எல்லாம் தெரிஞ்சிடுமாம் மாப்ள. கம்பெனிக்குச் சொல்லிட்டா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்றான் கோவிந்தராசு. ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. வாயில் எந்நேரமும் பாக்கு.

"கோவில் மண்டபத்துல நடக்கிற இலவச முகாம்டா. கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?" என்று சிரித்தான் அறைத்தோழன் அசோக்.

"அப்புறம் பேரு, போன் நம்பர் எல்லாம் எதுக்குக் கேக்குறாங்க? பாக்குப் போடுற எல்லாரும் கொடுத்தாச்சு. நான் மட்டும் கொடுக்கலன்னா, அதுக்கும் சந்தேகப்படுவாங்க."

முகாமில் தொண்டூழியர் அனிதா, பெயர் ஒட்டிய சிறு குப்பியை நீட்டினாள். "வாய்ப்புற்று இருக்கான்னு மட்டும்தான் பார்ப்போம். கம்பெனிக்குப் போகாது லா அண்ணே."

அவன் நம்பவில்லை. அவனும் அசோக்கும் கைகழுவும் இடத்துக்குப் போனார்கள். குப்பி நிரம்பி வந்தது.

அடுத்த வாரம் அனிதா அழைத்தாள். "நேர்ல வந்து டாக்டரைப் பாருங்க அண்ணே."

"கம்பெனி ஆளும் அங்க உக்காந்திருப்பான், பாரு" என்றான் கோவிந்தராசு.

"இருந்தா நான் பேசிக்கிறேன், வா" என்று அசோக் துணைக்கு வந்தான்.

உள்ளே மருத்துவர் மட்டுமே இருந்தார்.

"வாய்ப்புற்றோட அறிகுறி தெரியுது. ஆரம்பம்தான், குணப்படுத்த வழி இருக்கு. உங்க கம்பெனிக்கு எதுவும் சொல்லமாட்டோம்."

கோவிந்தராசு கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"டாக்டர், அந்த எச்சில் என்னோடது இல்ல. பயந்துபோய், பாக்கே போடாத என் கூட்டாளிகிட்ட கேட்டு வாங்கினேன்."

"அவர் எங்கே?"

"வெளியில. என்னை ஊருக்கு அனுப்பிடக்கூடாதுன்னு முருகனை வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."