எட்டாவது வாரம்

கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் நிற்கிறது. காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ரஷ்மியின் மடியில் போடுகிறது. தினமும் கூட வேலைக்கு வரும் புஷ்பவல்லி அக்கா எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறாள். கேசரியின் நெய் வாடை குப்பென்று ஏறுகிறது. "இன்னா ரஷ்மி, எங்ககிட்டயே மறைச்சிட்ட?" என்று சிரித்துக்கொண்டே ஒரு விள்ளலை அவள் வாயில் திணிக்கிறாள். பிசுபிசுத்த விரல்கள் உதட்டில் உரசுகின்றன. இன்னொரு கை, கேட்காமலே, வயிற்றைத் தடவுகிறது. ரஷ்மிக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. "யாரு சொன்னாங்கக்கா?" "உன் வூட்டுக்காரரே ஸ்டேட்டஸ் போட்டிருக்காரு." அக்கா நீட்டும் போனில் ஸ்கேன் படம், சுற்றிலும் சிவப்பு இதயங்கள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று கணவன் பிரேம் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். போன தடவை கலைந்தபோது, இதே பெட்டியில், கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அவள்தான் பதில் சொன்னாள். கேசரியைக் கைக்குட்டையில் துப்புகிறாள். அக்காவின் சிரிப்பு நின்றுபோகிறது. ரஷ்மி பிரேமுக்குப் போன் போடுகிறாள். "எல்லாருக்கும் சந்தோஷம்தானே?" என்கிறான் அவன். "இதுவும் நிக்கலன்னா," என்கிறாள் அவள், குரலை உயர்த்தாமல், "எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க."