நாலு சுழி

“உங்க பேரு என்னம்மா?”

கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்த ஒரே கேள்வி அதுதான். கேட்டுவிட்டாள்.

பெஞ்சில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“எந்தப் பேரும்மா?”



கைநாட்டு வைக்கும் பென்ஷன்காரப் பெண்கள் தாங்களே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி அது. பாடம் முழுக்க, கேள்வி கேட்டவள் எழுதியது. குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்; பென்ஷன் ஆபீஸில் தற்காலிக வேலை. ‘உங்கள் பெயரை உரக்கச் சொல்லுங்கள்’ என்றுதான் முதல் பாடத்தைத் தொடங்கியிருந்தாள். சூப்பர்வைசர் அதை மட்டும் அடித்துவிட்டார்.

“புருஷனுக்குத் தெரியாம வர்ற பொம்பளைங்க. பேரு கீருன்னு கேட்டு வைக்காத” என்றார்.

வகுப்புப் பக்கமே அவளை விட்டதில்லை. இன்றுதான், பயிற்சி பிரமாதம் என்று எழுதித் தருவதற்காகக் கூட்டி வந்திருந்தார். எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஆர்டர் மேசைமேல் தயார்.

பட்டப்பகலில் அந்த அறையில் ட்யூப் லைட் எரிந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம். இத்தனை பெண்கள் கூடிய இடத்தில் ஒரு சிரிப்பில்லை, ஒரு இருமல்கூட இல்லை. சுவருக்குள் எலி பிறாண்டுவதுபோலப் பேனாக்கள் கீறும் சத்தம் மட்டும். கைநாட்டுக்காரர்கள் பேனாவைக் குத்தூசி மாதிரிதான் பிடிப்பார்கள். இவர்கள் பிடித்திருந்த விதம் அப்படியில்லை.

“எங்க பேரைக் கேக்காதீங்கக்கா” என்றாள் பின் பெஞ்சுக்காரி, தலை தூக்காமலே. “இப்பத்தான் மறக்கப் பழகியிருக்கோம்.”

அவள் முதல் பெண்ணின் காகிதத்தை எடுத்தாள். ஒரே கையெழுத்து, மேலிருந்து கீழ்வரை, உரித்து வைத்ததுபோல. பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது மூணு சுழி ‘ண’ம்மா. நாலு போட்டிருக்கீங்க.”

“நாலுதாங்க போடணும். மூணு போட்டா ஐயா திரும்ப எழுதச் சொல்றாரு.”

“தப்பா எழுதச் சொல்றாரா?”

“சரியா எழுதினாத்தான் தப்பாம்.”

சூப்பர்வைசர் வந்து நின்றார். “என்ன பாப்பா, ஒரு சுழி கூடிட்டா உலகமே கவுந்துடுமா? சட்டுபுட்டுன்னு எழுதிக் குடு. ஆர்டரை எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட காட்டு, மனுஷன் சந்தோஷப்படட்டும்.”

“நாலு சுழி யாரோடது சார்?”

“ஆபீஸ் ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படித்தானே போடணும்? கையெழுத்து மாறவே கூடாதுன்னு பாடத்துல நீதானே எழுதின?”

“அவங்கவங்க கையெழுத்தைச் சொன்னேன்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “நாலு எழுத்து படிச்சுட்டா கண்ணு மண்ணு தெரியாதே உங்களுக்கு! வேலை வேணுமா, வேணாமா?”

தன் கையில் அவர் திணித்திருந்த பேனாவை அவர் சட்டைப்பையிலேயே செருகினாள். ஆர்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெஞ்சுகளில் ஒரு பேனாவும் நிற்கவில்லை.

“ஏய், எங்க கிளம்பிட்ட?”

“பேரு கேட்டு எழுதிக்கிற இடத்துக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு.”

தெருவுக்கு இறங்கிய பிறகும் அந்தக் கீறல் சத்தம் காதை விடவில்லை. ‘ண’வுக்கு நாலு சுழி போடுகிற ஒரே ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துத் தானே எழுதப் பழக்கிய அம்மா. வேலை கேட்டு இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன்பே, அம்மாவின் இறப்புச் சான்றிதழை இதே சூப்பர்வைசர் கையில் கொடுத்து, பென்ஷனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.