ஆடாமல் வென்ற கோப்பை

பையிலிருந்து கோப்பை வெளியே வந்ததும் தையல்காரியின் முகம் கறுத்துப்போனது. கத்தரிக்கோலைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை எதுக்குடி இங்க தூக்கிட்டு வந்தே?"

"உன்னோடது. அதான்," என்றாள் பல் டாக்டர். முப்பது வருடங்களாகப் பழந்துணிக்கு அடியில் கிடந்த கோப்பையில் பூச்சி உருண்டை வாசனை அடித்தது.

அந்தக் காலத்தில் கிளப்பில் எல்லோரும் தையல்காரியைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சர்வீஸ் போட்டால் எதிரில் நிற்பவர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட புயலோடு இறுதி ஆட்டம் ஆட வேண்டிய அன்று, ஒரு பந்துகூட அடிக்காமல் டாக்டரின் கைக்கு வந்த கோப்பை அது.

"கிளப்புல நினைவு மலர் போடுறாங்க. நின்னுபோன நம்ம டென்னிஸ் போட்டியோட வரலாறை என்னை எழுதச் சொல்லிட்டாங்க. இருபத்தொரு வருஷம் எழுதியாச்சு. கடைசி வருஷம் மட்டும் கை ஓடல."

"அதுல என்ன இருக்கு? எனக்கு வயித்துவலி, வரல. நீ ஜெயிச்சே. ஒரு வரி."

"பொய்ய எப்படிடி அச்சுல போடுறது?"

புயல் சாக்பீஸை எடுத்துத் துணியில் ஒரு கோடு போட்டாள். கோடு வளைந்தது.

"அன்னைக்கு நீ டிரஸ் மாத்துற ரூமுக்குள்ள இருந்தப்போ, வெளியில தாழ்ப்பாள் போட்டது நான்தான்."

நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குத் தன் வாயைத் திறக்க முப்பது வருடங்கள் ஆகியிருந்தன.

"கதவைத் தட்டினா திறந்துடலாம்னு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். நீ தட்டவே இல்ல. உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? மைக்குல மூணு தடவை உன்னைக் கூப்பிட்டாங்க. நான் ஜெயிச்சதா சொன்னதும் ஓடி வந்து தாழ்ப்பாளை எடுத்துட்டேன். நீ வெளிய வந்து, வயித்துவலின்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்துனே."

புயல் குனிந்தபடியே வளைந்த கோட்டைத் தட்டி அழித்தாள்.

"பார்க்க வந்த கூட்டம் திட்டிக்கிட்டே போச்சு. அடுத்த வருஷம் பேர் கொடுக்க நாலு பேர்கூட இல்ல. போட்டியே நின்னுபோச்சு. இப்ப அந்த கோர்ட்ல கார் நிறுத்துறாங்க. எல்லாம் என்னாலதான். நீ சரின்னு சொல்லு, நடந்ததை அப்படியே எழுதிடறேன்."

புயல் நிமிர்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"எத்தனை மணிக்குத் தாழ்ப்பாள் போட்டே?"

"நாலு மணிக்கு ஆட்டம். ஒரு மூணே முக்கால் இருக்கும்."

"எங்க அப்பா முன்வரிசையில உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? நீ ஒரு பாயிண்ட் விட்டாலே முறைப்பாரே!"

புயல் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவர் முன்னாடி தோத்துடுவேனோன்னு பயந்து, மூணரைக்கே நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டேன்டி."